மாம்பூவைப் பற்றும் சாம்பல் நோய்

சித்தூர், திருப்பதி ஜில்லாக்களில் மாமரம் பூக்கும் காலம் மார்கழியில் தொடங்கி மாசி வரையில் நீடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்து, இரவில் குளிரும் பகலில் இதமான வெயிலும் நிலவும் காலம் அது. பங்காருபாளையம், பாகாலா, தாமலசெருவு, சந்திரகிரி முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள தோப்புக்களில் மரம் முழுவதும் பூங்கொத்து நிறைந்து நிற்பதைக் காண்போர், இவ்வாண்டு விளைச்சலுக்குக் குறைவில்லை என்றே எண்ணுவர். இரண்டு வாரம் கழித்து அதே மரத்தைப் பார்த்தால், பூங்கொத்தின் மீது யாரோ அடுப்புச் சாம்பலை வாரித் தூவியதுபோல் வெண்மை படிந்திருக்கக்கூடும். அதன்பின் பூக்கள் கருகி உதிர்ந்து, காம்பு மட்டும் ஈர்க்குச்சிபோல் மிஞ்சும். இதுவே சாம்பல் நோய்.

இப்பகுதியின் மா விவசாயத்தில் பெரும்பங்கு தோத்தாபுரி என்னும் இரகத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்குவது இதுவே. சாறும் கூழும் எடுக்கும் ஆலைகள் பெரிதும் விரும்பி வாங்குவது இந்த இரகத்தைத்தான். 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் இதன் விலை மிகவும் சரிந்தபோது, விவசாயிக்குக் கிலோ ஒன்றுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு தீர்மானித்தது. அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் கொடுப்பது என்பது ஏற்பாடு. இத்தகைய விலையில் விற்கும் ஒரு பண்டத்துக்கு ஒரு முறை மருந்து தெளிப்பதும் பெருஞ்செலவே. தெளிக்க வேண்டிய சமயத்தில் தெளிக்காவிட்டால் காய் இல்லை. சமயம் தவறித் தெளித்தால் காயும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே இந்நோயைப் பற்றி விவசாயி அறிய வேண்டியவற்றுள் தலையாயது மருந்தின் பெயரன்று, தெளிக்கும் காலமே.

பெயரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழில் சாம்பல் நோய் என்றும் அடிச்சாம்பல் நோய் என்றும் இரண்டு நோய்கள் உண்டு. எல்லைப்புற ஊர்களில் தெலுங்கு பேசும் விவசாயிகள் முன்னதைப் பூடித தெகுலு என்றும் பின்னதைப் பூஜு தெகுலு என்றும் கூறுவர். இரு மொழிகளிலும் பெயர்கள் ஒன்றையொன்று ஒத்து ஒலிப்பதால், இரண்டும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் ஒரே பரிகாரம் போதும் என்ற எண்ணம் எளிதில் உண்டாகிவிடுகிறது. உண்மையில் இவை உறவற்றவை. திராட்சை, பூசணி, வெள்ளரி ஆகியவற்றின் இலைக்கு அடிப்புறத்தில் தோன்றும் அடிச்சாம்பல் நோய்க்கு இலையின் மேல் தண்ணீர் நிற்க வேண்டும். மழையும் பனியும் அதற்கு அனுகூலம். சாம்பல் நோயோ மழையைப் பகைக்கிறது. மொழிபெயர்ப்போரும் கடைக்காரரும் இவ்விரு பெயர்களையும் மாற்றிச் சொன்னால், விவசாயி நேர்மாறான காலத்தில் நேர்மாறான மருந்தைத் தெளிக்க நேரிடும்.

மாமரத்தில் சாம்பல் நோயை விளைவிக்கும் பூசணத்துக்கு ஓயிடியம் மாஞ்சிபெரே என்று பெயரிட்டு, 1914-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் பெர்த்தே என்பவர் அதனை விவரித்தார். அது உயிருள்ள திசுவின்மேல் மட்டுமே வாழவல்லது. உலர்ந்த சருகிலோ மண்ணிலோ தானாக வளராது. அதன் மெல்லிய இழைகள் பூவின் மேற்பரப்பிலேயே படர்கின்றன. ஆங்காங்கே உறிஞ்சுகுழல் போன்ற உறுப்புக்களை மேல்தோல் உயிரணுக்களுக்குள் செலுத்தி, அங்கிருந்து உணவை இழுத்துக்கொள்கின்றன. இழைகளிலிருந்து மேல்நோக்கி எழும் நுண்காம்புகளின் நுனியில் கண்ணாடிபோல் நிறமற்ற வித்துக்கள் தோன்றுகின்றன. நாம் காணும் வெண்மை இவ்வித்துக்களும் இழைகளும் திரண்ட தோற்றமே. இலேசான காற்றும் இவற்றைப் பறக்கச் செய்யப் போதுமானது.

வித்து முளைப்பதற்குத் தண்ணீர் வேண்டும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். பெரும்பாலான பூசணங்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. இலையின்மேல் சில மணி நேரமாவது ஈரம் நின்றால்தான் அவற்றின் வித்துக்கள் முளைக்கும். சாம்பல் நோயின் வித்துக்களோ தமக்கு வேண்டிய நீரைத் தம் உடலுக்குள்ளேயே மிகுதியாகச் சேமித்துக்கொண்டு புறப்படுகின்றன. ஆதலால் வறண்ட பூவின்மேலும் அவை முளைக்கும். ஏறக்குறைய 23 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் அவற்றுக்கு மிகவும் ஏற்றது. அந்நிலையில் சில மணி நேரத்திலேயே முளைவிட்டுப் பூவின் தோலைத் துளைத்துவிடும். இதற்கு மாறாக, நீர்த்துளி பட்டால் வித்துக்களிற் பல சிதைகின்றன. பலத்த மழை அவற்றைக் கழுவித் தரையில் சேர்த்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரப்பதம் பூசணம் பெருகுவதற்கு உதவும், ஆனால் தேங்கும் நீர் அதற்கு ஆகாது என்ற இந்த நுட்பமான வேறுபாட்டை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். இதை அறிந்தால் நோய் ஏன் தையில் வருகிறது, ஏன் ஐப்பசியில் வருவதில்லை என்பது தானே விளங்கும். தை மாதத்தில் இந்த ஜில்லாக்களில் இரவின் உஷ்ணம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கி, பகலில் 30 டிகிரியை ஒட்டி ஏறுகிறது. இடைப்பட்ட காலை, மாலை நேரங்கள் பூசணத்துக்கு மிகவும் உகந்தவை. மழையில்லை, பூவோ இளந்திசு, மேலும் அடர்ந்த தோப்பில் காற்று அசைவதில்லை.

நோய் மரத்தின் எந்தப் பகுதியில் தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சென்ற பருவத்தில் நோயுற்ற இலைகளிலும், உதிராமல் நின்ற பழைய பூங்கொத்துக்களிலும், மொட்டின் செதில்களுக்கு இடையிலும் பூசணம் ஒடுங்கியிருக்கும். மரத்தின் உட்புறத்தில் நிழலில் துளிர்க்கும் செந்தளிரின் அடியில் அது முதலில் தலைகாட்டும். பூங்கொத்துக்களில் பெரும்பாலும் நுனியிலிருந்து படரும். காலை வெயில் சாய்வாக விழும்போது கைக்கண்ணாடி கொண்டு மரத்தின் உட்கிளைகளைப் பார்ப்பவர், வெளிப்புறத்தை மட்டும் பார்ப்பவரைவிடச் சில நாட்கள் முன்னதாகவே நோயைக் கண்டுகொள்வார். இங்கே சில நாள் என்பது சிறிய இலாபம் அன்று. பூ விரிந்தது முதல் பிஞ்சு பட்டாணி அளவுக்கு வளரும் வரையுள்ள காலமே மிகவும் ஆபத்தானது. பிஞ்சு கோலிக்குண்டு அளவை எட்டிய பிறகு அதனால் பெருஞ்சேதம் விளைவதில்லை. ஆண்டு முழுவதும் மரத்தைக் காக்க வேண்டியதில்லை, சில வாரங்களே காக்க வேண்டும் என்பது விவசாயிக்கு ஒரு வகையில் ஆறுதலே. ஆனால் அந்தச் சில வாரங்களில் முதல் வாரத்தைத் தவறவிட்டால் மற்றவற்றால் அதிகப் பயனில்லை.

மாம்பூவைத் தாக்கும் தத்துப்பூச்சியும் இதே காலத்தில் வருகிறது. அது சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற பிசினைக் கழிக்க, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. தெலுங்கில் அப்பூச்சிக்குத் தேனெமஞ்சு புருகு என்று பெயர் வைத்திருப்பது மிகவும் பொருத்தமே. இலை பிசுபிசுத்துக் கறுத்தால் பூச்சி. பிசுபிசுப்பின்றி வெளுத்தால் சாம்பல் நோய். இரண்டும் பூவை உதிர்ப்பதால், உதிர்ந்த பிறகு வந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பூச்சி மருந்தை மட்டும் தெளித்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று கடைக்காரரை நொந்துகொள்வோர் சிலரேனும் இவ்வாறு ஏமாந்தவர்களே.

சாம்பல் நோய்க்குக் கந்தகம் மருந்து என்பது மாந்தோப்பில் அறியப்பட்டதன்று. இங்கிலாந்தில் மார்கேட் என்னும் கடற்கரை ஊரில் எட்வர்டு டக்கர் என்ற தோட்டக்காரர் 1845-ஆம் ஆண்டில் கண்ணாடி வீட்டில் வளர்த்த திராட்சைக் கொடியில் இத்தகைய வெண்மையைக் கண்டார். பீச் மரங்களில் தாம் முன்பு கண்ட நோயைப் போல அது இருந்தமையால், அதற்குப் பயன்பட்ட கந்தகத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து தெளித்துப் பார்த்தார். நோய் தணிந்தது. 1847-இல் பெர்க்கிலி என்னும் பூசண நூல் வல்லுநர் அப்பூசணத்துக்கு அத்தோட்டக்காரரின் பெயரையே சூட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் நோய் பிரான்சுக்குப் பரவி அந்நாட்டுத் திராட்சைத் தோட்டங்களைப் பெரிதும் நாசமாக்கியபோது, கந்தகத் தூளே அவற்றைக் காத்தது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் காலத்தில் கேரளத்திலும் இலங்கையிலும் கந்தகத் தூள் தூவும் வழக்கமும் இதே அடிப்படையில் எழுந்தது.

நோய் முதலில் புகழ்பெற்றது ஒரு கண்ணாடி வீட்டில் என்பது தற்செயலன்று. கூரையின் கீழ் மழை பெய்வதில்லை. ஆகவே வித்துக்களைக் கழுவுவாரில்லை. செடிகள் நெருங்கி நிற்கின்றன. இரவில் கதவுகளை மூடினால் ஈரக்காற்று உள்ளேயே தங்குகிறது. கனடா நாட்டில் 2018-ஆம் ஆண்டில் கஞ்சா வளர்ப்புக்குச் சட்டம் இடம் கொடுத்த பின்னர், மின்விளக்கின் கீழ் மூடிய கூடங்களில் அச்செடியை வளர்ப்போர் சந்தித்த பெரும் இடர்களுள் சாம்பல் நோயும் ஒன்று. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளர்ப்பைக் கட்டுப்படுத்துவதால் அது நமக்கு நேரிடையாகத் தேவைப்படும் செய்தியன்று. ஆனால் குப்பம் வட்டாரத்தில் பாலித்தீன் கூடாரங்களில் குடைமிளகாயும் மற்றப் பயிர்களும் வளர்ப்போருக்கு அதே இடர் உண்டு. குடைமிளகாயைத் தாக்கும் பூசணம் இன்னும் சூதானது. அது இலைத்துளைகளின் வழியே உள்ளே புகுந்து திசுவுக்குள் வளர்ந்து, பின்னரே அடிப்புறத்தில் வெண்மையாக வெளிப்படும். இலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளி தோன்றும்போது பூசணம் உள்ளே குடியேறி நாளாகியிருக்கும். மேற்பரப்பில் படியும் கந்தகம் அதை எட்டாது. இக்கூடாரங்களில் மருந்தைவிடக் காற்றே முதற்பரிகாரம். செடிகளுக்கிடையில் இடம் விட வேண்டும். மாலையில் பக்கத் திரைகளை மூடுமுன் உள்ளிருக்கும் வெப்ப ஈரக்காற்றை வெளியேற்ற வேண்டும். முதிர்ந்த அடி இலைகளைக் கிள்ளி வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். ஒரு பயிர் முடிந்ததும் களைகள் உள்படப் பச்சை என்று சொல்லத்தக்க எதுவும் இராதபடி கூடாரத்தைச் சில வாரம் வெறுமையாக விட்டால், உயிருள்ள திசுவின்றி வாழமாட்டாத பூசணத்தின் தொடர் அறுபடும். கூடாரத்துக்குள் நடுப்பகலில் கந்தகம் தெளித்தால் இலை கருகிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

பிரேசிலில் பெட்டியோல் என்னும் விஞ்ஞானி கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த சுரைக்காய் இனத்துச் செடிகளின்மேல் பசும்பாலை நீரில் கலந்து தெளித்து, பத்துச் சதவீதமும் அதற்கு மேலும் கலந்த பால் சாம்பல் நோயை நன்கு அடக்கியதாக 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டார். வீட்டுத் தோட்டத்தில் நாலு பூசணிக்கொடி வைத்திருப்போர் இதைச் செய்து பார்க்கலாம். முப்பது அடி உயர மாமரத்துக்குப் பால் தெளிக்கச் சொல்வது பரிகாசமாகவே முடியும்.

இனி மாந்தோப்புக்குத் திரும்புவோம். கந்தகம் நோயைத் தடுக்கும். திசுவுக்குள் வேர்விட்ட பின் அதனை நீக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. பூவின்மேல் படிந்த துகள் வெப்பத்தினால் சிறிது சிறிதாக ஆவியாகி, முளைக்க முயலும் வித்தைக் கொல்கிறது. ஆகவே வித்து வருமுன் கந்தகம் அங்கே இருக்க வேண்டும். பூங்கொத்து மூன்று அல்லது நான்கு அங்குல நீளம் வந்து, பூக்கள் இன்னும் விரியாமல் இருக்கும் தறுவாயே முதல் தெளிப்புக்கு உரிய காலம். அப்போது எங்கும் வெண்மை தெரியாது. செலவு செய்ய மனம் வராது. எனினும் செலவுக்குப் பலன் கிடைப்பது அப்போதுதான். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் வீதம், அதாவது 100 லிட்டர் நீருக்கு 200 கிராம் சேர்க்க வேண்டும். தூளை நேரே தொட்டியில் கொட்டாமல், சிறிது நீரில் குழைத்துப் பின் கலப்பது நல்லது. தெளிக்கும்போதும் அடிக்கடி கலக்கிவிட வேண்டும். இல்லையேல் கந்தகம் அடியில் தங்கி, முதல் மரத்துக்கு வெறும் நீரும் கடைசி மரத்துக்குச் சேறும் கிடைக்கும். மரத்தின் வெளிப்புறம் நனைந்தால் போதாது. உட்கிளைகளின் பூங்கொத்துக்களும் நனைய வேண்டும். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இளந்தளிரையும் பூவையும் சுடும் என்பதால், மாசியின் பிற்பகுதியில் மிகவும் எச்சரிக்கை வேண்டும். எண்ணெய் கலந்த மருந்து தெளித்திருந்தால் இரண்டு வாரம் கழியும் வரை கந்தகத்தைத் தொடலாகாது.

பூக்கள் முழுவதும் மலர்ந்திருக்கும் நாட்களில் கூடியவரையில் எதையும் தெளிக்காதிருப்பதே விவேகம். மாம்பூவில் மகரந்தத்தைச் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்களும் தேனீக்களுமே. தத்துப்பூச்சிக்கான மருந்தையும் கந்தகத்தையும் ஒரே தொட்டியில் கலந்து, கூலி மிச்சம் என்று மலர்ச்சியின் உச்சத்தில் தெளிக்கும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. பூச்சியும் சாகிறது, நோயும் நிற்கிறது, ஆனால் பிஞ்சு பிடிக்க உதவும் ஈயும் சாகிறது. இரண்டாவது தெளிப்பைப் பிஞ்சு பிடித்துப் பட்டாணி அளவாகும் காலத்துக்கு ஒத்திவைக்கலாம். இடையில் நோய் தென்பட்டுப் பரவினால் மட்டும், ஹெக்ஸகோனஸால் போன்று திசுவுக்குள் ஊடுருவும் மருந்தை உறையில் அச்சிட்ட அளவில், மாலை வேளையில் தெளிக்க வேண்டும். இவ்வகை மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பூசணம் அதற்குப் பழகிவிடும் ஆபத்து உண்டு. கந்தகத்துக்கு அந்தக் குறை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்; நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது பயன் தருகிறது.

பழைய கையேடுகளில் முதற்கண் கந்தகம், அடுத்து டைனோகேப், மூன்றாவதாக டிரைடிமார்ப் என்று ஒரு வரிசை அச்சாகியிருக்கும். அவ்வரிசையை இன்று அப்படியே பின்பற்ற இயலாது. டிரைடிமார்ப் 2018-ஆம் ஆண்டு ஆணையின்படி இந்தியாவில் விலக்கப்பட்டது. டைனோகேப் 2023-இல் தடை செய்யப்பட்டது. பழைய பிரசுரங்களை மறுபதிப்புச் செய்வோரும் மொழிபெயர்ப்போரும் இதைக் கவனிப்பது கடமை. அச்சில் இருப்பதை விவசாயி நம்புகிறார். கூழ் அயல்நாடுகளுக்குப் போகும் சரக்காகையால், மருந்தின் எச்சம் அதில் தென்பட்டால் நஷ்டம் ஒரு தோப்போடு நிற்காது.

விஞ்ஞானத்தைச் சேராத ஒரு தடையும் உண்டு. மாந்தோப்பின் மகசூலைப் பூவிலேயோ பிஞ்சிலேயோ வியாபாரியிடம் குத்தகைக்கு விடுவது பரவலான வழக்கம். வியாபாரி மரத்தில் பிஞ்சு நிற்பதைப் பார்த்துத்தான் விலை பேசுவார். உடைமையாளரோ, ‘குத்தகை எடுப்பவர் மருந்தைப் பார்த்துக்கொள்வார்’ என்று காத்திருப்பார். பேரம் முடியும் வேளையில் முதல் தெளிப்பின் காலம் கடந்துவிடுகிறது. பூங்கொத்து நாலு அங்குலம் வரும்போது தோப்பு யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவரே முதல் தெளிப்பைச் செய்வது, அச்செலவைப் பின்னர் குத்தகைத் தொகையில் கழித்துக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டால் இருவருக்கும் அனுகூலம். பத்திரத்தில் ஒரு வரி போதும்.

பலமனேர், குப்பம் பகுதிகளில் பட்டுப்புழுவுக்காக முசுக்கட்டை வளர்ப்போர், அச்செடியிலும் இலையின் அடியில் குளிர்காலத்தில் ஒரு சாம்பல் நோயைக் காண்பர். அதை விளைவிப்பது வேறு இனப் பூசணம். மருந்து தெளித்த இலையைக் குறித்த நாட்கள் கழியுமுன் புழுவுக்கு இடக்கூடாது. அந்த இலைகளில் மஞ்சள் நிறப் பொறிவண்டுகள் ஊர்வதைக் கண்டால் கொல்ல வேண்டாம். அவை இலையைத் தின்பதில்லை, பூசணத்தையே மேய்கின்றன.

மாவுக்கு அடுத்த பருவத்துக்கான வேலை அறுவடை முடிந்தவுடன் தொடங்குகிறது. தோத்தாபுரி ஆனி, ஆடி மாதங்களில் இறங்கியதும், உட்புறத்தில் ஒன்றையொன்று உராயும் கிளைகளையும் காய்ந்த பூங்கொத்துக் காம்புகளையும் வெட்டி அகற்றி, மரத்தின் நடுவே வெயில் விழும்படி செய்ய வேண்டும். வெட்டியவற்றைத் தோப்பிலேயே குவித்து வைக்கலாகாது. கிளை கோத்துக்கொண்ட பழந்தோப்புக்களில் ஓரிரு ஆண்டுகளில் படிப்படியாக இதைச் செய்வது நலம். ஒரே முறையில் மொட்டையடித்தால் மரம் தளிர்விட்டுக்கொண்டே போகும், பூக்காது. தழைச்சத்தை மிதமிஞ்சி இடுவதும் இதே விளைவைத் தரும். அகாலத்தில் எழும் அந்த இளந்தளிர்களே மார்கழி வரையில் பூசணத்துக்குத் தங்குமிடம் ஆகின்றன.